ஐந்து ரூபாய்ச் சீட்டுக்கு எத்தனை திரைகள்?
மும்பைப் பயணச் செயலிகளிலிருந்து ஒரு பாடம்

மும்பைப் புறநகர் ரயிலில் இரண்டாம் வகுப்பின் மிகக் குறைந்த கட்டணம் ஐந்து ரூபாய். சீட்டில்லாமல் பிடிபட்டால், ரயில்வே சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி, பயணக் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாகச் செலுத்த வேண்டும். இந்த ஐந்துக்கும் அந்த இருநூற்றைம்பதுக்கும் நடுவே இன்று நம்மில் பலருக்கு நிற்பது கைப்பேசியிலுள்ள ஒரு செயலி. அது இரண்டு நிமிடம் தடுமாறினால் ஒரு வண்டி போய்விடுகிறது. பணத்தை எடுத்துக்கொண்டு சீட்டைத் தராமல் நின்றுவிட்டால், பயணி நேர்மையானவராக இருந்தும் குற்றவாளியைப் போல் நிற்க நேர்கிறது. செயலியின் வடிவமைப்பு என்றவுடன் நிறங்களும் படங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. இக்கட்டுரையில் நாம் காணவிருப்பது வேறொன்று: சீட்டெடுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் பயணி எங்கே, எந்த நிலையில் நிற்கிறார் என்பதைச் செயலி எவ்வாறு கற்றுக்கொள்கிறது என்பது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டி வாழும் ஒரு தாய், காலையில் மாட்டுங்காவுக்குப் போய்ப் பூவும் காய்கறியும் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து செம்பூரிலுள்ள மகள் வீட்டுக்குப் போக வேண்டும். அவருக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும், இந்தி பேசுவார், ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படிப்பார். மகன் வாங்கிக் கொடுத்த கைப்பேசி இருக்கிறது. ஒரு கையில் பை. மறு கையில் கைப்பேசி. வெயிலில் திரை மங்கலாகத் தெரிகிறது. பின்னால் வருபவர்கள் இடித்துக்கொண்டு போகிறார்கள்.

கையாளும் எளிமைக்குப் பன்னாட்டுத் தரநிர்ணய அமைப்பு வகுத்துள்ள ஐஎஸ்ஓ 9241-11 என்னும் தரம், ஒரு கருவியை மூன்று வகையில் அளக்கச் சொல்கிறது. எண்ணிய காரியம் முடிந்ததா, அதற்கு எவ்வளவு முயற்சி செலவாயிற்று, பயன்படுத்தியவருக்கு மனநிறைவு உண்டாயிற்றா என்பன அவை. அம்மூன்றையும் குறிப்பிட்ட மனிதரையும் குறிப்பிட்ட சூழலையும் வைத்தே அளக்க வேண்டும் என்பது அத்தரத்தின் உயிர்நாடியான நிபந்தனை. குளிரூட்டிய அலுவலகத்தில் மேசைமுன் அமர்ந்திருப்பவருக்கு எளிதாக இருக்கும் செயலி, சயான் நிலையப் படிக்கட்டில் பையோடு நிற்கும் தாய்க்கு எளிதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

யூடிஎஸ் கற்றுக்கொண்ட கதை

இப்பாடத்துக்கு மும்பையிலேயே நல்ல சான்று உண்டு. முன்பதிவில்லாச் சீட்டுகளைக் கைப்பேசியில் எடுப்பதற்காக ரயில்வேயின் தகவல் தொழில்நுட்ப நிறுவனமான கிரிஸ் உருவாக்கிய யூடிஎஸ் செயலி, 2014 டிசம்பரில் மும்பைப் புறநகர்ப் பகுதியில் அறிமுகமாயிற்று. அதன் முதல் வடிவத்தில் சீட்டுக்குக் கைப்பேசியில் பணம் செலுத்தலாம். ஆனால் நிலையத்துக்கு வந்து, ஏடிவிஎம் என்னும் தானியங்கிச் சீட்டு இயந்திரத்தில் அதை அச்சிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். சாளரத்தின் முன்னிருந்த வரிசை இயந்திரத்தின் முன் இடம்பெயர்ந்தது, அவ்வளவுதான். பயணியின் முயற்சியில் எதையும் குறைக்காமல், முயற்சி நடக்கும் இடத்தை மட்டும் மாற்றுவது மறுவடிவமைப்பு ஆகாது.

அடுத்த படி நம் தமிழ்நாட்டில் தொடங்கியது. 2015 ஏப்ரலில் சென்னை எழும்பூர்–தாம்பரம் தடத்தில் காகிதமில்லாச் சீட்டு முதலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் மும்பையின் மேற்கு ரயில்வேக்கும் வந்தது. கைப்பேசித் திரையே சீட்டு என்றானதும் புதிய கேள்வி ஒன்று எழுந்தது. வண்டியில் ஏறி அமர்ந்துவிட்டு, பரிசோதகர் தொலைவில் வருவதைக் கண்டபின் ஒருவர் சீட்டெடுத்தால் என்ன செய்வது? அதைத் தடுக்கவே, தண்டவாளத்துக்கு மிக அருகிலிருந்து சீட்டெடுக்க முடியாதபடி ஜிபிஎஸ் வழியாக ஒரு வேலி போடப்பட்டது. நிலையத்துக்கு மிகத் தொலைவிலிருந்தும் எடுக்க முடியாதபடி வெளி எல்லை ஒன்றும் இருந்தது.

ரயில்வேயின் வருவாயைக் காக்க வேலி தேவைதான். அதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அதன் சுமை நேர்மையான பயணியின் மேலும் விழுந்தது. மும்பையில் பல நிலையங்கள் கடைத்தெருவோடு ஒட்டிக்கொண்டிருப்பவை. நடைமேம்பாலத்திலோ, சாளரத்துக்கு முன்னாலோ நிற்கும் ஒருவரை, 'நீங்கள் நிலைய எல்லைக்குள் இருக்கிறீர்கள்' என்று செயலி மறுத்துவிட்டால், அவர் மீண்டும் சாலைக்கு நடந்து போய்ச் சீட்டெடுத்துத் திரும்ப வேண்டும். ஜிபிஎஸ் சில மீட்டர்கள் பிழைபடுவது இயல்பு. அந்தச் சில மீட்டரே இங்கே வழக்காகிவிடுகிறது.

இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது: நிலையத்தில் ஒட்டியிருந்த கியூஆர் குறியை வருடினால், உள்ளே நின்றபடியே சீட்டெடுக்க முடிந்தது. புறப்படும் நிலையத்தின் பெயரைத் தட்டச்சு செய்யும் வேலையும் அதனால் மிச்சமாயிற்று. ஆயினும் அக்குறியைப் படமெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஓடும் வண்டிக்குள் பயன்படுத்தியவர்களும் இருந்தார்கள். ஆகவே அதற்கும் கடிவாளம் தேவைப்பட்டது. வெளி எல்லையோ சிறிது சிறிதாகத் தளர்த்தப்பட்டு 2024-இல் நீக்கப்பட்டது. வீட்டில் தேநீர் அருந்திக்கொண்டே சீட்டெடுத்துவிட்டுப் புறப்படலாம் என்னும் நிலை அதன்பின் வந்ததே. நம் கருத்தில் யூடிஎஸ் வரலாற்றின் மிகச் சிறந்த மாற்றம் இதுதான். திரையின் நிறமோ பொத்தானோ மாறவில்லை. ஆனால் சீட்டெடுக்கும் வேலை நெரிசலான படிக்கட்டிலிருந்து வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டது.

பாராட்ட வேண்டிய மற்றொன்றும் உண்டு. எடுத்த சீட்டை இணையத் தொடர்பு இல்லாமலும் திறந்து காட்ட முடிந்தது. நெரிசல் நேரத்தில் நிலையங்களில் வலையமைப்பு எப்படித் திணறும் என்பது மும்பைவாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2010-இல் வெளிவந்து நகரமெங்கும் பரவிய எம்-இண்டிகேட்டர் செயலியும் இதே அறிவால் வளர்ந்தது. ரயில் கால அட்டவணை முழுவதையும் கைப்பேசிக்குள்ளேயே வைத்திருந்ததால், இணையம் விலை உயர்ந்ததாகவும் மெதுவாகவும் இருந்த நாட்களில் அது உடனே விடை சொன்னது.

மூன்று மாட்டுங்காக்கள்

நம் எடுத்துக்காட்டிலுள்ள தாயிடம் திரும்புவோம். அவர் சேருமிடத்தைத் தேடும் பெட்டியில் 'மாட்டுங்கா' என்று எழுதத் தொடங்குகிறார். இரண்டு பெயர்கள் வருகின்றன: மாட்டுங்கா, மாட்டுங்கா ரோடு. முதலாவது மத்திய ரயில்வேயில் சயானுக்கு அடுத்த நிலையம். இரண்டாவது மேற்கு ரயில்வேயில், தாதருக்கும் மாஹிமுக்கும் இடையே உள்ளது. இவை போதாவென்று, மாட்டுங்கா கிழக்குக்கு மிக அருகில், துறைமுகத் தடத்தின் கிளையில் கிங்ஸ் சர்க்கிள் என்னும் மூன்றாவது நிலையமும் இருக்கிறது. ஊரை அறிந்தவருக்கு இதில் குழப்பமில்லை. புதிதாக வந்தவர் அகரவரிசையில் கண்ணில் பட்டதைத் தொட்டுவிடுவார். தவறு பரிசோதகர் கேட்கும்போதுதான் தெரியும்.

நல்ல வடிவமைப்பு இங்கே என்ன செய்யும்? ஒவ்வொரு பெயரின் கீழும் சிறிய எழுத்தில் தடத்தைக் காட்டும்: 'மத்திய தடம், சயானுக்கு அடுத்தது' என்பதுபோல. பயணி சயானில் நிற்பதை அறிந்திருந்தால், ஒரே வண்டியில் போகக்கூடிய மாட்டுங்காவை முதலில் நிறுத்தும். மிகச் சிறிய மாற்றம். ஓர் அபராதத்தைத் தடுக்கக்கூடியது.

பெயர்ச் சிக்கல் இத்தோடு முடிவதில்லை. ஆங்கிலப் பலகையில் சயான் என்றிருக்கும் நிலையத்துக்கு மராத்தியில் 'ஷீவ்' என்று பெயர். எல்லை என்பது பொருள். பழைய பம்பாய்த் தீவின் எல்லை அங்கே முடிந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் 'விடி' என்று சொல்லும் விக்டோரியா டெர்மினஸ், 1996-இல் சத்ரபதி சிவாஜியின் பெயரைப் பெற்று, 2017-இல் 'மகராஜ்' என்பதையும் சேர்த்துக்கொண்டது. எல்பின்ஸ்டன் ரோடு 2018-இல் பிரபாதேவி ஆயிற்று. கிங்ஸ் சர்க்கிளுக்குத் தீர்த்தங்கர் பார்சுவநாத் என்று பெயரிடும் தீர்மானத்தை 2024-இல் மகாராஷ்டிர சட்டமன்றம் நிறைவேற்றியது. பெயர் மாற்றம் அரசின் உரிமை. ஆனால் தேடல் பெட்டிக்குப் பழைய பெயரும், பேச்சுவழக்குப் பெயரும், பிழையாக எழுதிய பெயரும் தெரிந்திருக்க வேண்டும். 'விடி' என்று எழுதினால் 'அப்படி ஒரு நிலையம் இல்லை' என்று சொல்லும் செயலி, அறுபது வயதுக்காரரை ஊருக்கு அந்நியராக்கிவிடுகிறது.

எழுத்தறியாதவரையும் கருதிய வடிவமைப்பு உலகில் புதிதன்று. 1969-இல் திறக்கப்பட்ட மெக்சிகோ நகர மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சின்னம் உண்டு. லான்ஸ் வைமன் என்னும் வடிவமைப்பாளர் தொடங்கிவைத்த அம்முறையில், பெயரைப் படிக்க முடியாதவரும் சின்னத்தைக் கண்டு இறங்கிவிடலாம். அவ்வளவு தொலைவு போவானேன்? மும்பையின் டப்பாவாலாக்கள் உணவுப் பாத்திரங்களின் மூடியில் எழுதும் நிறமும் எழுத்தும் எண்ணும் கலந்த குறிகள், அதிகம் படிக்காதவரும் கணநேரத்தில் புரிந்துகொள்வதற்காக அமைந்தவையே. மறுபுறம், பெஸ்ட் பேருந்துகளின் முகப்பில் தடஎண் தேவநாகரி இலக்கங்களில் இருப்பதால், தாராவிக்குப் புதிதாக வந்த தமிழர் பலருக்கு அவ்விலக்கங்களே முதல் மராத்திப் பாடமாக அமைந்தன எனலாம். பேருந்தின் நெற்றியில் காண்பதையும் செயலியில் காண்பதையும் ஒரே திரையில் சேர்த்துக் காட்டினால், அதாவது இரு வகை இலக்கங்களையும் அருகருகே தந்தால், அந்தப் பாடம் எளிதாகும்.

பெஸ்ட் நிறுவனத்தின் சீட்டுகளும் பேருந்து இருக்குமிடமும் சலோ செயலியில் கிடைக்கும் வசதி வந்தது. வண்டி எங்கே வருகிறது என்பதை அறிவது, நிறுத்தத்தில் நிற்பவருக்குச் சீட்டைவிடப் பெரிய ஆறுதல். ஆனால் நேரலைத் தகவலின் மதிப்பு, ஊரின் மாற்றங்களை அது எவ்வளவு விரைவாக அறிகிறது என்பதைப் பொறுத்தது. 1912-இல் கட்டப்பட்ட சயான் சாலை மேம்பாலம், மீண்டும் கட்டுவதற்காக 2024 ஆகஸ்ட் 1 முதல் மூடப்பட்டது. பேருந்துகள் சுற்றுவழியில் சென்றன. செம்பூரிலிருந்து தொடங்கும் மோனோரயில், மேம்பாட்டுப் பணிக்காக 2025 செப்டம்பர் 20 முதல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் மூன்றாம் தட மெட்ரோ தாராவியின் நிலத்தடி நிலையத்தை அடைந்தது. நேற்றைய வரைபடத்தை இன்று காட்டும் செயலி, தவறான வழியை மிகுந்த உறுதியோடு சொல்லும். அதுவே அதன் ஆபத்து.

பணம் போயிற்று, சீட்டு வரவில்லை

வங்கி வாடிக்கையாளர்களாகிய நமக்கு மிகவும் நெருக்கமான இடத்துக்கு இப்போது வருகிறோம். பணம் செலுத்தும் பொத்தானைத் தொட்டபின் மூன்று முடிவுகள் உண்டு. பணம் போய்ச் சீட்டு வந்துவிடலாம். பணமும் போகாமல் சீட்டும் வராமல் இருக்கலாம். மூன்றாவது, பணம் கழிந்த குறுஞ்செய்தி வந்துவிட்டது; திரையிலோ வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "தம்பி, காசு எடுத்துட்டான், சீட்டக் காணோமே" என்று அருகில் நிற்கும் இளைஞரிடம் கைப்பேசியை நீட்டும் பெரியவர்களை எந்த நிலையத்திலும் காணலாம்.

இந்த மூன்றாவது நிலையைக் கையாளும் விதத்தில்தான் நல்ல செயலி தனித்துத் தெரியும். 'ஏதோ தவறு நேர்ந்தது, மீண்டும் முயலவும்' என்பது மிக மோசமான செய்தி. பயணியை அது இரண்டாம் முறை பணம் செலுத்தத் தூண்டுகிறது. 'உங்கள் கணக்கிலிருந்து ஐந்து ரூபாய் கழிந்திருக்கலாம். சீட்டு இன்னும் உருவாகவில்லை. இதைக் கொண்டு பயணம் செய்ய வேண்டாம். பணம் திரும்புவதை இவ்விடத்தில் காணலாம்' என்று நான்கு வரிகளில் உண்மையைச் சொன்னால் போதும். பரிவர்த்தனை எண் நகலெடுக்கும்படி அங்கேயே இருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் அறிந்திருக்க வேண்டிய விதியும் ஒன்றுண்டு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யுபிஐ மூலம் வணிகருக்குச் செலுத்திய தொகை நம் கணக்கில் கழிந்தும், வணிகரிடம் உறுதிச்செய்தி சேரவில்லையெனில், பரிவர்த்தனை நாளுக்கு அடுத்த ஐந்து நாட்களுக்குள் அது தானாகவே திரும்ப வேண்டும். அதற்குமேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. தொகை ஐந்து ரூபாய் என்பதற்காக அந்த உரிமை சிறிதாகிவிடாது. பணம் திரும்பாவிடில், நீங்கள் பயன்படுத்திய யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, அதிலிருந்தே முறையீடு செய்யலாம். அதன்பின் உங்கள் வங்கிக் கிளையை அணுகலாம். இணையத்தில் 'வாடிக்கையாளர் சேவை எண்' என்று தேடி, முதலில் வரும் எண்ணை அழைக்க வேண்டாம். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி யுபிஐ பின் கேட்பவர் மோசடிக்காரர். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

சிறு தொகைகளுக்கு வேறு வழிகளும் உள்ளன. யுபிஐ லைட்டில் முன்கூட்டியே பணத்தை நிரப்பி வைத்தால் பின் எண்ணின்றிச் செலுத்தலாம். 2024 டிசம்பரில் அதன் வரம்பு ஒரு பரிவர்த்தனைக்கு 1,000 ரூபாயாகவும், மொத்த இருப்பு 5,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. நெரிசலில் பின் எண்ணைப் பிறர் காணும்படி அழுத்தும் தொல்லை இல்லை. 2019 மார்ச் 4-இல் தொடங்கப்பட்ட தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டையோ இணையமே இல்லாமல் மெட்ரோ வாயிலைத் திறக்கும். அதில் 2,000 ரூபாய் வரை இருப்பு வைக்கலாம். அந்த இருப்பு பணப்பையிலுள்ள நோட்டைப் போன்றது. அட்டை தொலைந்தால் அதுவும் தொலையும். ஆகவே ஒரு வாரப் பயணத்துக்குத் தேவையானதை மட்டும் நிரப்புவது நல்லது.

எல்லாவற்றுக்கும் ஒரே செயலி

2025 ஜூலை 1-இல் ரயில்வே வெளியிட்ட ரயில்ஒன் செயலி, முன்பதிவு, முன்பதிவில்லாச் சீட்டு, உணவு, புகார் ஆகிய பலவற்றை ஒன்றாக்கியது. பழைய செயலியின் உள்நுழைவு விவரங்களையே இதிலும் பயன்படுத்தலாம் என்பது அறிவார்ந்த முடிவு; புதிய கடவுச்சொல் ஒன்றை மனப்பாடம் செய்யும் வேலை பயணிக்கு இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 8-இல் அறிமுகமான மும்பை ஒன் செயலியோ மெட்ரோ, மோனோரயில், புறநகர் ரயில், பெஸ்ட் முதலிய பதினொரு போக்குவரத்து அமைப்புகளை இணைக்கிறது. ரயிலில் இறங்கி மெட்ரோவில் ஏறுபவருக்கு ஒரே கியூஆர் போதும் என்பது பெரும் வசதி.

ஒன்றாக்குவதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. நீண்டதூர வண்டியும் உணவும் புகாரும் முதல் திரையில் சமமாக இடம்பிடித்தால், அன்றாடம் ஐந்து ரூபாய்ச் சீட்டெடுப்பவர் அவற்றையெல்லாம் தாண்டிப் போக வேண்டியிருக்கும். நேற்று சயானிலிருந்து மாட்டுங்காவுக்குச் சென்றவர், இன்றும் அங்கே செல்லவே அதிகம் வாய்ப்புண்டு. முதல் திரை அதை நினைவில் வைத்து, 'மீண்டும் அதே சீட்டு' என்னும் ஒரே பெரிய பொத்தானைக் காட்டினால், மற்றவை எங்கிருந்தாலும் நமக்குக் கவலையில்லை.

இவையெல்லாம் நம் ஊகங்களே என்று வாசகர் கருதலாம். சோதித்துப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. செயலிகளின் எளிமையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று 2000-இல் எழுதினார். உங்கள் குடியிருப்பிலேயே ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு மாணவர், கண்பார்வை மங்கிய ஒருவர், தமிழ் மட்டும் படிப்பவர், ஊருக்குப் புதியவர், செயலியையே விரும்பாத ஒருவர். 'சயானிலிருந்து செம்பூருக்குச் சீட்டெடுங்கள், பணம் செலுத்தும் திரைவரை வந்தால் போதும்' என்று மட்டும் சொல்லுங்கள். உதவி செய்யாதீர்கள், இதுதான் கடினம், நம் விரல் தானாகவே நீளும். எத்தனை தொடுதல்கள், எங்கே தயங்கினார், எந்தச் சொல்லை உரக்கப் படித்துப் பார்த்தார் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். குர்லாவில் வண்டி மாற வேண்டும் என்பதை யாருக்காவது செயலி சொல்லிற்றா என்றும் பாருங்கள். பின்னர் வெள்ளைத்தாளில் பென்சிலால் அந்தத் திரைகளை நீங்களே வரைந்து, தேவையற்றதை அடித்து, அதே ஐந்து பேரிடம் மீண்டும் காட்டலாம். குறிப்புகளைச் செயலியின் கருத்துப் பகுதிக்கு அனுப்பும்போது, 'நன்றாக இல்லை' என்று எழுதுவதைவிட, 'மாட்டுங்கா, மாட்டுங்கா ரோடு இரண்டுக்கும் தடப் பெயர் வேண்டும்' என்று எழுதினால் உருவாக்குபவருக்குப் பயன்படும்.

நம் எடுத்துக்காட்டுத் தாய் பூவும் காயும் வாங்கிக்கொண்டு, குர்லாவில் வண்டி மாறி, மகளைப் பார்த்துவிட்டு மாலையில் செம்பூர் நிலையத்துக்கு வருகிறார். கைப்பேசியில் மின்னேற்றம் நான்கு விழுக்காடு காட்டுகிறது. செயலி எவ்வளவு நன்றாக மறுவடிவமைக்கப்பட்டிருந்தாலும், கைப்பேசி அணைந்தால் அதிலுள்ள சீட்டைக் காட்ட இயலாது. அவர் முந்தானையில் முடிந்துவைத்திருந்த பத்து ரூபாயை எடுத்துக்கொண்டு, சாளரத்தின் முன் வரிசையில் நிற்கிறார். வரிசையில் அவருக்கு முன்னால் மூன்று பேர்.